மகளிர் பெட்டியில் ஒரு வௌவால்

இன்று ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்தேன். நாளை வகுப்பில் என் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, தோல் கிடங்கில் செத்துக் கிடந்த ஒரு வௌவாலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

வழியில் துணி விலகிவிட்டது. எதிரே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டாள்.

“பச்சப் புள்ள இருக்கிற இடத்துல செத்த பறவையா? தூக்கி வெளிய போடும்மா.”

“பறவை இல்லைங்க, பாலூட்டி” என்றேன். யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்தவள் அதை வாங்கி எறியக் கையை நீட்டினாள்.

அதற்குள் என் பக்கத்தில் இருந்த கன்னியம்மா வாங்கிக்கொண்டார். தோல் ஷெட்டில் மயிர் நீக்கும் வேலை அவருக்கு. எனக்கிருந்த அருவருப்பு அவருக்கு இல்லை; வெறுங்கையால் அதன் வயிற்றைத் தடவினார்.

“இறகு ஒண்ணுகூட இல்ல. மயிருதான் இருக்குது.” இறக்கையை விரித்து உற்றுப் பார்த்தார். “இன்னா இது, கைக்கடியில காம்பு இருக்குது. பால் குடுத்த தாய் இது.”

எதிரே இருந்தவள் குனிந்து பார்த்தாள்.

“இதோட குட்டி இன்னா ஆச்சோ” என்றாள். பிறகு அவளே துணியில் பதமாகச் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

மூன்று நாளாக நான் எழுதிவைத்த பாடம் கன்னியம்மாவின் நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மனம் நிறைந்துதான் இறங்கினேன்.

அடுத்த வாரப் பாடம் தவளை. அதையும் மகளிர் பெட்டியிலேயே கொண்டுவரலாமா? இந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு தபால் கார்டு போட்டுச் சொல்லுங்கள்.