சகலைக்குப் போன ஈரல்

மூன்று வாரமாக என் பழைய கார் உதறிக்கொண்டே ஓடியது. கார்புரேட்டரைக் கழுவினேன், பில்டரை மாற்றினேன். உதறல் நிற்கவில்லை.

இன்று மோகனூரில் மாமியார் வீட்டு விருந்து. நான் போய் நிறுத்தியதும் சகலை வாசலுக்கு வந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக் அவர்.

"பானெட்டைத் தொறங்கண்ணா. ஒரு சிலிண்டர் வேலை செய்யலைங்க."

இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றைக் கழற்றியபோதும் இன்ஜின் தடுமாறியது. நான்காவதைக் கழற்றியபோது சத்தம் மாறவே இல்லை.

"எதைக் கழட்டுனா சத்தம் மாறலையோ, அதுதானுங்க சும்மா இருக்குது."

என் டிக்கியில் கிடந்த புது பிளக்கையே எடுத்து மாட்டினார். உதறல் நின்றது. அவர் கையில் கிரீஸ்கூட ஒட்டவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"மூணு வாரமா நீங்க என்னத்தப் பார்த்தீங்க?" என்றாள் மனைவி, எல்லோர் முன்பும்.

சாப்பாட்டில், எப்போதும் மூத்த மருமகனான எனக்கு வரும் ஈரல் அவர் இலைக்குப் போனது. "நல்லா சாப்பிடுங்க மாப்ள" என்றார் மாமியார், அவரிடம்.

பாதியில் எழுந்து வந்து, காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு சகலை உண்டென்றால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

நான் வெளியே வந்து அரைமணி நேரமாகிறது. உள்ளே சிரிப்புச் சத்தம் மாறவே இல்லை.