சோதனைச்சாவடி அக்காவும் சுருங்கும் பந்தும்

2014 ஜூன் 14, சனிக்கிழமை, மாலை ஆறேகால் மணி. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடத்தின் நுழைவாயிலை ஒட்டிய சிறு கடையில், மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்குவதற்காக நான் நின்றிருந்தேன். கண்ணாடி மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி பட்டையை எடுத்துக் காட்டவில்லை. முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“யாரு வாங்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. பந்து விடுறப்போ கை மடங்குது. பட்டை போட்டா நிமிர்ந்து நிக்கும்னு படிச்சேன்.”

“எழுதினவன் பட்டை விக்கிறவனா?”

அதை நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. அவர் கடையைப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். என்னோடு பந்து உருட்டும் லேனுக்கு வந்து, விரல் நுழைக்கும் துளைகளுள்ள கூடத்துப் பொதுப் பந்தை நான் உருட்டுவதைக் கைகட்டி நின்று கவனித்தார்.

“துளைக்குள்ள உங்க பெருவிரல் குடித்தனமே நடத்தலாம். இவ்வளவு எடம் இருந்தா யாரா இருந்தாலும் இறுக்கித்தான் பிடிப்பாங்க. இறுக்கினா மணிக்கட்டு மடங்காம என்ன பண்ணும்?”

பெருவிரல் துளையின் உட்புறத்தில் மெல்லிய டேப் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கொடுத்தார். அடுத்த பந்து என் கையிலிருந்து தானாகக் கழன்று சென்றது; மணிக்கட்டு மடங்கவில்லை. அன்று அவர் எனக்கு விற்றது ஒரு டேப் சுருளும், பந்தில் ஒட்டும் லேன் எண்ணெயைத் துடைக்க ஒரு துண்டும்தான். பட்டையை விற்காததில் என்ன உள்நோக்கம் இருக்கக்கூடும் என்று வீடு சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். அவரிடம் சற்று நேரம் பேசிய எவருக்கும் அந்தக் குணம் தொற்றிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூடத்துக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சோதனைச்சாவடி’. நேரில் ‘அக்கா’ என்பார்கள். கடைக்குள் வரும் எந்தப் பொருளும் அவருடைய விசாரணையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. அதற்குக் காரணம் உண்டு. முன்பு அவர் பெரிய காலணிக் கடையொன்றில், வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கும் பொருட்களை வாங்கிக்கொள்ளும் மேசையில் இருந்தவர். ‘ஒரு தடவைகூடப் போடல’ என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட காலணிகளை மூக்கருகே கொண்டுபோய் உண்மையறிந்தவர். மனிதர் பொய் சொல்லும்போது குதிகாலைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கடை மூடப்பட்டபோது கிடைத்த தொகையில் துளையிடும் இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு கூடத்தில் இடம்பிடித்தார். தொழிலைப் பந்துகளைப் பாழாக்கித்தான் கற்றார். அப்படிப் பாழானவை அவர் வீட்டில் கதவுக்கு ஒன்றாகக் கிடந்தன. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைவிடச் சிறந்த முட்டு வேறில்லை.

பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “நான் இருமினாக்கூட, இது எந்த ஸ்டாப்ல ஏறின இருமல்னு கேப்பா, சார்.”

இந்தக் குணம் வியாபாரத்துக்கு ஒத்துவரவில்லை. அவரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு புகார்கள் வந்திருந்தன. கூடத்தின் மேலாளர், கடையின் சுவரில் ‘பொருந்தாவிட்டால் ஈராண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தரப்படும்’ என்ற பலகையைத் தாமே மாட்டினார். மூன்றாவது புகார் வந்தால் அந்த இடத்தைத் தம் மைத்துனருக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொல்லிவைத்தார். மைத்துனர் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் வைத்திருந்தவர். வாரம் ஒருமுறை வந்து கடையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். அக்காவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. பலகையைப் பார்க்கும்போதெல்லாம், “ரெண்டு வருஷம் ஏமாத்தலாம், வாங்கன்னு கூப்பிட்டு வச்சிருக்கான்” என்று முணுமுணுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அணியில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர் சேர்ந்தார். அவரை ‘லிஃப்ட்’ என்றே அழைத்தோம். வலுவான உடம்பு, சந்தேகத்தில் அக்காவுக்கு ஒரு படி மேலே. சொந்தப் பந்து, ஷூ, மணிக்கட்டுப் பட்டை மூன்றையும் ஒரே நாளில் வாங்கினார். அக்கா அவருடைய கையை அளந்து, பெருவிரல் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் உருளையைச் செருகி, அந்த உருளையில் விரலுக்கேற்பத் துளையிட்டார். விரல் பொருந்தவில்லை என்றால் பந்தைப் பாழாக்க வேண்டியதில்லை. உருளையை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும். இடது ஷூவின் அடியில், பந்து விடும்போது கால் வழுக்கிச் செல்வதற்கான சறுக்குத் தோல் ஒட்டினார். ஈரத்தில் கால்வைத்தால் அந்தத் தோல் தரையைக் கவ்வி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும் என்று எச்சரித்து, கழிவறைக்குப் போகும்போது மேலே மாட்டிக்கொள்ள ஓர் உறையும் கொடுத்தார்.

“உறைக்கு எவ்வளவு?”

“அது சும்மா.”

“சும்மாவா? ஏன்?” என்றார் லிஃப்ட்.

அக்கா அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

சில மாதங்கள் லிஃப்டின் ஆட்டம் ஏறிக்கொண்டே போனது. பிறகு பெருவிரல் துளைக்குள் இறுகத் தொடங்கியது. விரல் வெயிலில் சற்று வீங்குவதும் குளிரில் இளைப்பதும் எல்லோருக்கும் உள்ளதே, அதற்காகத்தான் டேப். லிஃப்ட் ஒரு டேப்பை உரித்தார். அடுத்த மாதம் இன்னொன்றை உரித்தார். உரிக்க ஏதும் இல்லாதபோது பந்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“அக்கா, நீங்க சின்னதா போட்டுட்டீங்க.”

“சின்னதா போட்டிருந்தா இத்தனை நாள் எப்படி ஆடினீங்க?”

“அப்போ பந்து சுருங்கிருச்சா?”

“பந்து சுருங்காது, தம்பி. கொண்டுவந்தது உங்க பந்துதானா?”

பலகையின் பலத்தில் அவர் இலவசமாகப் புது உருளை வாங்கிப் போனார். அடுத்து ஷூ. தாம் வாங்கிய அளவைக் கொடுக்காமல் அரை அளவு குறைத்துக் கொடுத்துவிட்டதாகக் குற்றம்சாட்டினார். மணிக்கட்டுப் பட்டையின் ஒட்டும் முனை எட்டவில்லை. அதையும் யாரோ மாற்றிவிட்டார்களாம். தம்பியோ நண்பனோ வாங்கிய பொருட்களை இவர் தம்முடையவை என்று சொல்லிச் சரிசெய்துகொள்கிறார் என அக்கா முடிவுகட்டினார்.

“எனக்கு இதெல்லாம் புதுசில்ல, சார். அம்மா செருப்பக் கொண்டுவந்து மக செருப்புன்னு மாத்திட்டுப் போனவங்களை எல்லாம் பார்த்திருக்கேன்,” என்று என்னிடம் சொன்னார்.

அவர் ஒரு பொறி வைத்தார். அடுத்த முறை மாற்றிக் கொடுத்த உருளையின் உட்சுவரில் ஊசியால் ஒரு கீறல். புதிய ஷூவின் நாக்குக்கு அடியில் ஒரு நூல்முடிச்சு. பட்டையின் உட்புறம் ஒரு புள்ளி. லிஃப்டுக்குத் தெரியாது. அவர் கழற்றிப்போன பழைய உருளைகளையும் அக்கா எறியவில்லை. வழக்கு வந்தால் சாட்சியாகும் என்று ஒரு டப்பாவில் போட்டுவைத்தார்.

அடுத்த ஆண்டின் நடுவில் லிஃப்ட் மறுபடி வந்தார். நானும் உடனிருந்தேன். அக்கா ஏறக்குறைய மகிழ்ச்சியோடு கைவிளக்கை எடுத்துத் துளைக்குள் அடித்தார். கீறல் இருந்தது. ஷூவின் நாக்கைத் தூக்கினார், முடிச்சு இருந்தது. பட்டையில் புள்ளியும் இருந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. அகப்பட வேண்டிய ஆள் அகப்படவில்லை.

“கையைக் குடுங்க.”

“எதுக்கு?”

“இது உங்க கைதானான்னு பார்க்கணும்.”

பெருவிரலின் முட்டியில், என்றோ லிஃப்ட் கதவில் சிக்கியதன் வெள்ளைத் தழும்பு இருந்தது. முதல்நாள் அளந்தபோது அக்கா பார்த்த அதே தழும்பு. டப்பாவிலிருந்த முதல் உருளையை எடுத்து விரலில் மாட்டச் சொன்னார். நகத்தைத் தாண்டியது, முட்டியில் நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே நின்றது.

“வேற எதாவது இறுகியிருக்கா?” என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது.

லிஃப்டுக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. அடைத்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டிய நகைக்காரர் பொன்னில் கைவைத்துவிட்டார். வேலையிடத்துப் பொருளறைக்காரர் இவருடைய ஹெல்மெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டுச் சின்னதைத் தள்ளிவிட்டார். மனைவி கையுறைகளைக் கொதிநீரில் துவைத்துச் சுருக்கிவிட்டு இல்லவே இல்லை என்கிறாள். மேலதிகாரி வேண்டுமென்றே அறிவிப்புகளைப் பொடி எழுத்தில் அச்சடிக்கிறார். ஓரத்தில் இருப்பது தெரிவதே இல்லை.

அக்கா உருளைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டார்.

“தம்பி, நான் யாரையும் நம்புறவ இல்ல. ஆனா நகைக்காரன், பொருளறைக்காரன், உங்க வீட்டுக்காரி, மேலதிகாரி, நான், இத்தனை பேரும் ஒண்ணா சேர்ந்து உங்களை ஏமாத்த மாட்டோம். இவ்வளவு ஒத்துமை எங்கயும் கிடையாது. சாமான் சுருங்கல. நீங்கதான் பெருசாகறீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“எந்த டாக்டர்?”

“யாரா இருந்தா என்ன?”

“உங்களுக்குக் கமிஷன் குடுக்கிறவர் யாருன்னு கேட்டேன்.”

பந்தை மேசையிலேயே விட்டுவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

மூன்றாவது புகார் அது. அதே மாலை மேலாளர் எல்லோரையும் அழைத்தார். கூடவே இருந்தவன் என்பதால் என்னையும் அழைத்தார். மைத்துனரும் எதற்கோ அங்கே இருந்தார். அந்த எதற்கோவை யாரும் கேட்கவில்லை. மேலாளர் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார்; அதில் கெடுதல் இல்லை என்றே எனக்குப் பட்டது.

“அக்கா, பெரிசாக்க வேண்டாம். அளவு எடுத்ததுல தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிடுவாரு. கடையும் உங்ககிட்டயே இருக்கும்.”

லிஃப்ட் தலையசைத்தார். “அதைச் சொன்னாப் போதும். வேற எதுவும் வேண்டாம்.”

அக்கா வெகுநேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை முழங்கால்மேல், வேறு யாரோ வைத்துவிட்டுப் போனவை போலக் கிடந்தன.

“நான் சொல்ல மாட்டேன்.”

“கடை போயிரும்க்கா,” என்றேன் நான்.

“தெரியும். நான் தப்புன்னு சொன்னா, இவரு நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்குவாரு. இவரு தூங்கக் கூடாது.” பிறகு லிஃப்டைப் பார்த்து, “என் அளவு சரி. உங்க கை வளருது. நான் பொய் சொல்றேன்னா, போய் ஒரு டாக்டர்கிட்ட கை வளரலன்னு எழுதி வாங்கிட்டு வந்து என் மூஞ்சில அடிங்க,” என்றார்.

“அடிக்கத்தான் போறேன்,” என்றார் லிஃப்ட்.

மாதக் கடைசியில் கடை காலியானது. துளையிடும் இயந்திரத்தை நாங்கள் சிலர் சேர்ந்து தூக்கி, அக்கா வீட்டின் வண்டி நிறுத்தும் அறையில் இறக்கினோம். கதவுக்கு முட்டாக அங்கேயும் ஒரு பந்து கிடந்தது. கூடத்தில் அவர் இருந்த இடத்தில் மைத்துனரின் விளையாட்டு இயந்திரங்கள் இரண்டு இரவுபகலாகத் துப்பாக்கிச் சத்தம் எழுப்பின.

லிஃப்ட் சொன்னபடியே, அக்காவைப் பொய்யாக்கும் சான்றிதழ் வாங்குவதற்காகவே மருத்துவரிடம் போனார். மருத்துவர் சான்றிதழ் எழுதவில்லை. அவருடைய பழைய அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த முகத்தையும் எதிரிலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைப் படமெடுக்க அனுப்பினார். மூளைக்கு அடியில் உள்ள சிறு சுரப்பியில் ஒரு கட்டி. உடம்பை வளரச் சொல்லும் சுரப்பை அது ஓயாமல் கக்கிக்கொண்டிருந்தது. பார்வை நரம்பையும் அழுத்தத் தொடங்கியிருந்தது. இன்னும் சில காலம் விட்டிருந்தால் ஓரப் பார்வையோடு நின்றிருக்காது என்றார்களாம். மூக்கின் வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். எதற்கும் இருக்கட்டுமென்று லிஃப்ட் வேறு இரண்டு மருத்துவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அதற்குச் சம்மதித்தார்.

ஆறேழு மாதம் கழித்து, நான் என் பந்துக்குத் துளை சரிசெய்யப் போயிருந்த ஒரு காலையில், லிஃப்ட் அந்த வண்டியறையின் வாசலில் வந்து நின்றார். கையில் பந்து. முகம் சற்று இளைத்திருந்தது.

“அக்கா, துளை லொடலொடங்குது.”

“எந்த டாக்டர் பண்ணினாரு?”

சொன்னார்.

“வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“ரெண்டு பேர்கிட்ட.”

“பரவாயில்ல. உட்காருங்க.” கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “வீக்கம் வடிஞ்சிருக்கு. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். ஷூ அதே அளவே போடுங்க. இப்போ டேப் போதும், உருளையை மாத்த வேண்டாம். இன்னும் இளைக்கலாம்.”

டேப்பை அவரே வெட்டி ஒட்டினார். லிஃப்ட் தரையைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

“அக்கா, நான் குடுத்த புகார் பொய்னு மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கிறேன். கூடத்து மைக்கில வேணும்னாலும் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். மைத்துனரோட ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒருதரம்தானாம், விசாரிச்சிட்டேன். நீங்க எப்போ சொல்றீங்களோ அப்போ. அது என்மேல கடன்.”

“சொல்றப்போ சொல்றேன்,” என்றார் அக்கா. “துளைக்குள்ள விரலை விடுங்க, பார்ப்போம்.”

ஒப்பந்தம் இரண்டு முறை முடிந்து இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் லிஃப்ட் முன்கூட்டியே ஆள்விட்டு நினைவூட்டினார். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். கடைசி முறை நான் சற்று அழுத்தியே கேட்டேன். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெளியே யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அவரு போய்ச் சொன்னா, நான் சொல்லிக்கொடுத்துத்தான் சொல்றாருன்னு அந்த மேனேஜர் நினைப்பான், சார். அவன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.”

மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டார். லிஃப்ட் இன்றும் ஞாயிறுதோறும் எங்களோடு ஆடுகிறார். கூடத்தின் மைக் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சொல் என்று அக்கா இதுவரை சொல்லி அனுப்பவில்லை.