பத்துச் சொட்டுக் கசப்பு

மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் விழுங்குகிற கசப்பை, சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்கள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் பாரில் தினம் சாயங்காலம் இதுதான் கூத்து. அந்தக் கசப்புக்குப் பெயர் பிட்டர்ஸ். வேர், தோல், மசாலா என்று கிடைத்ததையெல்லாம் கடுஞ்சாராயத்தில் இரண்டு வாரம் ஊறப்போட்டு வடித்த சாறு. கோப்பைக்கு நாலு சொட்டு விட்டால் போதும். எங்கள் பாரின் தலைமை ஆள் ஆ செங், ஹைனான் தீவுக்காரர். கடையில் விற்கும் பிட்டர்ஸ் அவருக்குப் பிடிக்காது. பினாங்கு ஜாதிக்காய், சான்சிபார் கிராம்பு, சீனத்து ஆரஞ்சுத் தோல் என்று தானே சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பார். நான் ஒருநாள் சுக்கும் ஏலமும் நிலவேம்பும் போட்டு ஒன்று வடித்தேன். நாக்கில் தொட்டுப் பார்த்தவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். இப்படித் தெளிவாக வடிகட்டுகிற கை உனக்கு எங்கே வாய்த்தது என்று கேட்டார்.

ஊரில், இரணியல் பக்கத்தில், எங்கள் கிறிஸ்தவ சபையில் அப்பா டீக்கன். எல்லாரும் ஒரே கோப்பையில் பருகும் இராப்போஜன ஞாயிறன்று அந்தக் கோப்பையை வரிசை வரிசையாக எடுத்துப் போய்க் கொடுப்பது அவர் பொறுப்பு. மதுவைத் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட சபை அது. தொட்டவன் சபை நடுவில் எழுந்து நின்று அதைச் சொல்லவேண்டும். மன்னிப்புக் கிடைக்கும்வரை கோப்பைப் பக்கம் வரக்கூடாது. கோப்பையில் ஊற்றுவதும் புளித்த திராட்சரசம் அல்ல. சனிக்கிழமை உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, மல்துணியில் வடிப்பது எங்கள் வீட்டில்தான். ‘துணியப் பிழியாத மக்கா, அதுவா இறங்கட்டு’ என்பார் அப்பா. அங்கே படித்த கைதான் இங்கே சாராயத்தை வடிகட்டுகிறது.

ஹோட்டலில் வேலை என்று மட்டும்தான் வீட்டுக்கு எழுதியிருந்தேன். அப்பாவுக்கு நெடுநாளாக வயிற்று நோவு. ஊருக்குப் புறப்பட்ட கடியப்பட்டணத்துக்காரர் ஒருவரிடம் என் பிட்டர்ஸில் ஒரு குப்பி கொடுத்தனுப்பினேன். ‘வயிற்றுக்கு மருந்து, தண்ணீரில் பத்துச் சொட்டு’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். இதில் என்ன பொய், ஆ செங்கும் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுக்கென்றுதானே குடிக்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன கெட்டிக்காரத்தனம்! சாராயம் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை.

தங்கை ரெத்தினத்தின் கடிதம் வந்தது. ‘அப்பாக்கு நோவு கொறஞ்சிருக்கு. எனக்க மவன் செஞ்ச மருந்து கொள்ளாம்ணு எல்லார்ட்டயும் சொல்லுதாவ. மத்த டீக்கன்மாருக்கும் பத்துப் பத்துச் சொட்டு குடுத்தாவ.’ ஐயோ, ஒரு சபையின் டீக்கன்மார் முழுப்பேரும் என் குப்பியில்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே உண்மையை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அடுத்த கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குப்பி தீர்ந்ததும், இதே போல் கிடைக்குமா என்று அப்பா ஒரு கம்பவுண்டரிடம் கொண்டு காட்டியிருக்கிறார். அவர் மோந்து பார்த்து, ‘டீக்கனாரே, இது நல்ல சாராயம்லா’ என்று சொல்லிவிட்டார். வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சபையில் எழுந்து நின்றார். மருந்துக்குத்தானே, உட்காரும் என்று மற்ற டீக்கன்மார் கையைப் பிடித்து இழுத்தார்களாம். அவர்களில் ஒருவரும் எழவில்லை. ‘அறியாமத்தான் குடிச்சேன். ஆனா குடிச்சேன்’ என்றாராம் அப்பா. சபை அங்கேயே மன்னித்துவிட்டது. அப்பாதான் கோப்பையைத் தொட மறுக்கிறார். மகனும் வந்து சபை நடுவில் என் பக்கத்தில் எழுந்து நிற்கட்டும், பிறகு தொடுகிறேன் என்கிறார்.

நான் எப்படிப் போவேன்? ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது. போனால் திரும்பி வந்து இறங்க விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை. என் முகத்தைப் பார்த்து ஆ செங் விசாரித்தார். அப்பா இனிமேல் என் பிட்டர்ஸைக் குடிக்கமாட்டார் என்று அரைகுறை மலாயில் சொன்னேன். ‘கசப்பு கூடிப்போய்விட்டதா? சர்க்கரை போட்டு அனுப்பு’ என்று ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர். அவருக்கு இதை எந்த மொழியில் சொல்லி விளங்கவைப்பது?

இப்போது நோவு திரும்பிவிட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரி மருந்தைக்கூட அப்பா வாயில் வைப்பதில்லை. குப்பியில் வருகிற எல்லாவற்றின்மேலும் சந்தேகம். ‘அண்ணே, இதுல சாராயம் இல்ல, குடிங்கண்ணு நீ ஒரு வரி எழுது. ஆளு மெலிஞ்சு போனாவ’ என்று ரெத்தினம் கெஞ்சினாள். அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் எழுதினேன். பதிலில் அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: ‘அந்தக் குப்பியிலயும் அவனுக்க எழுத்துதானே மக்ளே ஒட்டியிருந்து.’

மாதத்தின் முதல் ஞாயிறு இங்கே தமிழ்ச் சபையிலும் கோப்பை வருகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் என் விரலில் கிராம்பு வாசம் போவதில்லை. கோப்பையை வாங்கி, உதட்டில் வைக்காமல், அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறேன். இங்கே பொழுது முந்தி விடிகிறது; ஊரில் ஆராதனைக்கு மணி அடிக்க அப்போது இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அதன் பிறகு அங்கேயும் கோப்பை ஓர் ஆளைத் தாண்டிப் போகும்.