புற்றை உடைத்தது யார்

தொண்ணூறுகளின் கடைசியில் சிறுமலை அடிவாரத்தில் நாங்கள் வாங்கிய முக்கால் ஏக்கரில் கிணறு கிடையாது. பக்கத்துத் தோட்டத்து அக்காவின் பம்புசெட்டிலிருந்து முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். அதை நம்பித்தான் தக்காளி நட்டிருந்தேன். எங்கள் வரப்போரம் ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அக்காவும் ஊர்ப் பெண்களும் அதற்கு மஞ்சள் தடவிப் பாலூற்றுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர்கள் வெள்ளிக்கிழமை என் வரப்புக்கு வருகிறவர்கள். யாராலும் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை.

வேலி போட வந்தவர்தான் வாயை விட்டார். "இந்தப் புத்த இடிச்சிட்டா வேலி நேராப் போகும் டீச்சர்."

"அதெல்லாம் வேணாம், சுத்திப் போடுங்க" என்றேன். ஊருக்குள் அவர் சொன்னது மட்டும் போய்ச் சேர்ந்தது, அதுவும் நான் சொன்னதாக.

பங்குனியில் ஒரு காலை புற்று பிளந்து கிடந்தது. உள்மண் சிதறியிருந்தது. பக்கவாட்டில் நீளநீளமாக நகக் கீறல்கள். கொஞ்சம் தள்ளி இலந்தைக் கொட்டைகள் கலந்த விட்டை. நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுப்பவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நான்தான் ஆள்விட்டு இடித்தேன் என்ற பார்வையோடு கூடி நின்றவர்களிடம், "இது கரடி வேலை" என்றேன்.

"கரடி தேனத்தான திங்கும்? புத்துல தேனா வடியுது?" என்றார் ஒருவர்.

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். உலகத்தில் கரடி எட்டு வகை. பனிக்கரடி கடல்நாயைப் பிடித்துத் தின்னும். பாண்டா மூங்கிலை மெல்லும். குளிர்நாட்டுப் பழுப்புக் கரடி ஆற்றில் மீன் பிடிக்கும், குளிர்காலம் முழுக்க அடைந்து தூங்கும். நம் கரடிக்கு அந்த நீண்ட தூக்கம் கிடையாது. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. உதட்டைக் குவித்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சும்.

"டீச்சர் நல்லாத்தான் கரடி விடுறாக" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை ஊருக்கெல்லாம் தெரியும். அதே புற்றைத் தேடிக் கரடி வருகிற கதையைச் சொன்னால் மட்டும் பொய்யாம்.

அன்றிலிருந்து என் முறைத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர், கரண்டு இல்லை, கிணற்றில் ஊறவில்லை என்று தினம் ஒரு சாக்கு. அவர்கள் வெண்டைக்கு மட்டும் ஊறியது. அக்கா என்னைக் கண்டாலே வேறு பக்கம் நடந்தார். குடத்தில் சுமந்து எவ்வளவுதான் ஊற்றுவது? தக்காளி பூவோடு கருகியது. அந்த எரிச்சலோடு ஒருநாள் வகுப்பில் கரடி வரையச் சொன்னேன். அத்தனை பேரும் பனிக்கரடி வரைந்தார்கள். ஜன்னல் வழியே சிறுமலை தெரிகிற வகுப்பு அது. சாக்பீஸை மேசையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சித்திரையில், விடியற்காலை மோட்டார் போடப் போன அக்காவின் வீட்டுக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர்கள் தோட்டத்திலிருந்த வேறொரு புற்றுக்குள் கரடி தலையை விட்டிருந்ததாம், முதுகில் குட்டி வேறு. வெயில் ஏறியதும் ஊரே திரண்டு போய்த் தடத்தைப் பார்த்தது. "கரடி கறையான் திங்கும்ல டீச்சர், தெரியுமா?" என்று என்னிடமே வந்து விளக்கினார்கள். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"இப்பவாச்சும் நம்புறீங்களாக்கா?"

அவர் நிமிரவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். அந்த நகத்தடத்த நானும் பாத்தேன். கடப்பாரையில குத்துனா அப்படி விழுகாது."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஊரே ஒன்னு சொல்றப்ப நான் மட்டும் எப்படி மாத்திச் சொல்றது? அப்பறம் எங்கிட்டயும் பேச மாட்டாகள்ல."

கரடி மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அது பசிக்குத் தோண்டியது. தண்ணீர் ஓடிவந்து காய்ந்த செடிகளின் தூரில் நின்றது.

"போதுமா டீச்சர்?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.