நாங்கள் குப்புறக் கிடந்த அரை மணித்தியாலம்

சமாதான காலம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் ஒரு சின்ன விமானம் எங்கள் தீவுக்குப் பக்கத்துக் கடலில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரேயொருத்திதான் அதைக் கண்டவள். அவளுடைய வாயைப் பொத்தியது நான். இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சம் சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நான் அப்போது குடும்பநல மருத்துவமாது. ஊருக்கு மிஸி. நாரந்தனைக்கு அங்காலும் இங்காலுமாகச் சைக்கிள் மிதித்து, கர்ப்பிணிகளின் வயிற்றையும் பிள்ளைகளின் நிறையையும் பார்ப்பது என் வேலை. புதன்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கிளினிக் நடக்கும். அங்கே வருகிற பெண்களில் அரைவாசிக்கு மேல் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். நானும் அப்படித்தான். தறப்பாளும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு போன இடமெல்லாம் பங்கர் வெட்டிப் பதுங்கி இருந்துவிட்டு, சண்டை நின்று பாதை திறந்ததும் கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பியிருந்தோம். உடம்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இரைச்சல் கேட்டால் அது தன்பாட்டில் நிலத்தில் விழும்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒருத்தியின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் கேட்டது. விமானம் எங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு நாளும் உயரத்தில் போகும், வரும். இது தாழ வந்தது. அதோடு சத்தம் விட்டு விட்டு வந்தது. விட்டு விட்டு வருகிற சத்தத்துக்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது. அது பதிகிறது, இனிக் குண்டு போடப்போகிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று கத்தினேன்.

பதினைந்து இருபது கர்ப்பிணிகள். குப்புறப் படுக்க ஏலாது. வயிற்றை அணைத்துக்கொண்டு ஒருக்களித்து விழுந்தார்கள், காதுக்குள் விரலை விட்டார்கள், சேலைத் தலைப்பைப் பல்லுக்கிடையில் கடித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒருத்தி மட்டும் வாசலில் நின்றாள். எட்டு மாதம். சின்ன வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், பன்னிரண்டு வருடம் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே விமானம் போனால் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கை காட்டுவார்களாம். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸி, இது குண்டு போடுற பிளேன் இல்லை. வெள்ளையா, சின்னனா இருக்கு. சரிஞ்சு போகுது, கடல் பக்கம்…"

நான் எழும்பிப் போய் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்து விழுத்தினேன். அவள் திரும்பவும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் உள்ளங்கையால் வாயை அழுத்திப் பொத்தினேன். "கதையாதையும்!" என்றேன். எட்டு மாதக்காரியை. இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பிறகு சத்தம் நின்றது. நாங்கள் எழும்பவில்லை. முதல் தரம் போட்டுவிட்டுப் போன விமானம், ஆட்கள் ஓடிவந்து காயப்பட்டவர்களைத் தூக்கும் நேரம் பார்த்துத் திரும்பி வரும். இதை நாங்கள் உறவுகளைக் கொடுத்துப் படித்திருந்தோம். அதனால் அரை மணித்தியாலம் அசையக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை அன்றைக்கு நான்தான் நடத்தினேன். எழும்பப் பார்த்தவர்களை அதட்டிப் படுக்க வைத்தேன். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்களும் வள்ளங்களுக்குக் கீழே முகம் புதைத்துக் கிடந்தார்கள்.

விமானம் விழுந்தது பரவைக்கடலில். எங்கள் கரையிலிருந்து வள்ளத்தில் போனால் பத்து நிமிடம். தண்ணீர் ஒரு ஆளின் நெஞ்சளவு. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பயணி, கை முறிந்திருந்தது. மற்றவர்தான் ஓட்டியவர், ஒரு இளம் மனிதர். இருக்கைப் பட்டியில் சிக்கியிருந்தார், தலையில் அடி. பயணி நல்ல கையால் அவருடைய தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் காதுக்குள் விரலோடு கிடந்தோம். பிறகு அந்தக் கையும் ஏலாமல் போயிருக்கிறது. எங்கள் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது பயணி மட்டும்தான் உயிரோடிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து விமான நிலையப் பக்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கொழும்புத் தமிழர், மெல்லிய குரல், எங்களைத் திட்டுவதற்கு வந்தவர் இல்லை. அதே மண்டபத்தில் கூட்டம். ஒரு படத்தை விரித்து வைத்தார். ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் தீயணைப்பு வண்டி சில நிமிடத்தில் போகுமாம். எங்கள் தீவு வட்டத்துக்கு வெளியே, கடலோடு கிடந்தது.

"இங்கே விழுந்தால் எங்கட வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். முதல்ல போகக்கூடியவங்க நீங்கதான். அதனால எனக்குத் தெரியணும். விழுறதை முதல்ல கண்டது யார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வயதான வள்ளச் சம்மாட்டி ஒருவர் எழும்பினார். "ஐயா, பிளேனை நிமிர்ந்து பாத்த ஆக்களும் எங்களுக்குள்ளை இருந்தவை. அவையள் இப்ப இல்லை" என்றுவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி படத்தை மடித்து வைத்தார். பிறகு 'கண்டவர் எவருமில்லை' என்று எழுதினார்.

எனக்குப் பின்னால் அவள் இருந்தாள், மடியில் ஒரு மாதப் பிள்ளையோடு. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்றாள்.

"மிஸி சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீர் சொல்லியிருக்கலாம்தானே?"

"என்ரை பிள்ளையைப் பெத்தெடுக்க உதவின கை. நான் எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அவள் "ஓம்" என்றாள், நம்பியதாகத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம்தான். பயமும். மிஸி சொன்னால் சரி என்று குளிசை விழுங்குகிற பெண்கள் அவர்கள். மிஸி பொத்திய வாயால்தான் ஒருவர் செத்தார் என்று தெரிந்தபின் யார் என்னிடம் வயிற்றைக் காட்டுவார்கள்? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிச் சொல்லி நாட்களை ஓட்டினேன். சைக்கிளில் கரையோரமாகப் போவதை விட்டுவிட்டு உள்பாதையால் போகத் தொடங்கினேன். தூரம் கூட. களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு, நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு.

கூட்டம் நடந்து நாலு மாதத்துக்குப் பிறகு ஒத்திகை வைத்தார்கள். ஒரு வள்ளத்தை உடைந்த விமானமாக வைத்துக்கொள்வது. அதில் இரண்டு பேர் காயக்காரராக நடிப்பது. கையால் சுழற்றுகிற சைரன் ஒன்றை அதிகாரி கொண்டுவந்திருந்தார். அது ஊதினால் கோயில் மணியடிக்க வேண்டும், நாலு வள்ளம் இறங்க வேண்டும், நான் தூக்குபடுக்கையோடும் கட்டுத்துணியோடும் கரைக்கு வரவேண்டும். எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தோம்.

அன்றைக்கு அதிகாரியோடு ஒரு பெண்ணும் வந்தார். இறந்த விமானியின் அக்கா. தம்பி விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தாராம். சாம்பல் நிறச் சேலை, கையில் ஒரு குடை. எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்.

சைரன் ஊதியது. ஊர் முழுக்க நிலத்தில் விழுந்தது. மணியடிக்கப் போனவர் மணிக் கோபுரத்தடியில் படுத்துக் கிடந்தார். காயக்காரர்கள் வள்ளத்துக்குள் உண்மையாகவே சுருண்டு கொண்டார்கள். நானும் கட்டுத்துணியோடு மண்ணில் கிடந்தேன். முகத்தைத் தூக்கிப் பார்த்தால் அதிகாரி சைரனைப் பிடித்தபடி நிற்கிறார். அந்த அக்கா குடையோடு நிற்கிறார். அன்றைக்கு வாசலில் நின்ற பிள்ளைக்காரியும் நிற்கிறாள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பி மண்ணைத் தட்டினோம். யாரோ சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும், வேறென்ன செய்வது?

இரண்டாம் தரம் மணி மட்டும் அடித்தார்கள், சைரன் வேண்டாம் என்றாகிவிட்டது. வள்ளங்கள் நன்றாகப் போயின. பத்து நிமிடத்தில் போய், காயக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த அக்கா கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் கட்டுப் போட்டேன்.

மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தபிறகு அதிகாரி தன் அறிக்கையை வாசித்தார். விபத்தைக் கண்டவர் எவருமில்லாததால் உதவி தாமதமானது. ஆகவே கரையில் ஒரு பரண் அமைத்துக் காவலுக்கு ஆள் வைக்க வேண்டும். இப்படிப் போனது. வாசித்து முடித்ததும் அந்த அக்கா எழும்பினார்.

"உங்கள் ஒருத்தரிலையும் எனக்குக் கோபமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான். ஒருத்தரும் காணேல்லை எண்டபடியால்தான் அவன் போனவன். கண்டிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டியள். இண்டைக்கு வள்ளம் போன வேகத்தைப் பாத்தனான்தானே."

இதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் நிம்மதியாகப் போயிருப்பார். பரணும் கட்டியிருப்பார்கள். அடுத்த விமானம் வரும்போது காவல்காரன் பரணிலிருந்து குதித்துக் குப்புறக் கிடப்பான். கண் இல்லாமல் போனதல்ல எங்கள் குறை. கண்டதைச் சொன்னவளை நாங்கள் விடவில்லை. அதை எழுதாமல் என்ன ஆயத்தம்?

எழும்பினேன்.

"கண்டவ ஒராள் இருந்தவ. அந்த நேரமே சொன்னவ. நான்தான் இழுத்து விழுத்தி வாயைப் பொத்தினனான். அரை மணித்தியாலம் ஒருத்தரையும் எழும்ப விடேல்லை."

அதிகாரி அறிக்கையைத் திரும்ப விரித்தார். அந்த அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஆர் கண்டது?" என்று மட்டும் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். பிள்ளைக்காரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"நான்தான் அக்கா. வீடுகளுக்கு மேலாலைதான் வந்தது. கோயில் கிட்ட வரேக்கை ஒரு பக்கம் சரிஞ்சது. விழப்போகுது எண்டு நினைச்சனான். விழேல்லை. முக்கி முக்கித் திரும்பிக் கடலுக்குப் போனது. எங்கடை கூரைக்கு மேலை விழாமல் அவர்தான் திருப்பினவர். எனக்கு வடிவாத் தெரிஞ்சது."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. பதினைந்து இருபது கர்ப்பிணிகள் அடியில் கிடந்த அந்தக் கூரைதான். அந்த அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறு மாசமா நான் அவனைத் தண்ணிக்குள்ளை மட்டும்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன். கண்ணை மூடினால் தண்ணி. அவன் கடைசியாச் செய்தது இது. இதைக் கண்ட ஆள் இஞ்சை இருந்திருக்கிறா. பயத்திலை பொத்தினதை நான் விளங்கிக்கொள்ளுவன். ஆறு மாசம் ஏன் பொத்தி வைச்சிருந்தனீங்கள்?"

அந்த அக்கா எழும்பிப் பிள்ளைக்காரியின் கையைப் பிடித்து, எந்தப் பக்கத்தால் திரும்பியது என்று காட்டச் சொன்னார். இருவரும் கரைப்பக்கம் நடந்தார்கள். நானும் எழும்பி வாசல்வரை போனேன். அவர் திரும்பிப் பார்த்து, கோபமில்லாத குரலில், "நீங்கள் வரவேண்டாம்" என்றார்.