செசீலியா கூட்டிப்போகும் வீடுகள்

மறியலில் பெண் கைதிகள் பகுதிக்குச் சிறைக்காவலராகக் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு ஓய்வுக்கு வந்த செசீலியா, தாண்டவன்வெளி வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் பஸ் நிலையத்தில், முன்பு தன் காவலில் இருந்த ஒருத்தியைக் கண்டார். காலையிலேயே விடுதலையானவளாம். ஊர் பஸ்கள் வந்து வந்து போயும் ஏறாமல் வாங்குப் பலகையிலேயே இருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "படலையில நிண்டு என்னெண்டு கூப்பிடுறது மிஸ்?" என்றாள்.

அன்று அவளோடு பஸ் ஏறிப்போய், வேலிப் படலையில் நின்று வீட்டாரைக் கூப்பிட்டவர் செசீலியாதான். பிறகு அதுவே அவர் வேலையாகிவிட்டது. விடுதலையாகப் போகிறவளின் வீட்டுக்கு முன்கூட்டியே தனியாகப் போவார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார், முகம் கொடுக்காவிட்டால் அடுத்த கிழமையும் போவார். அரசாங்கம் உன்னை விட்டாலும் நீ மறியலை விடமாட்டாய் என்று புருஷன் பேர்னாட் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே தன் ஓட்டோவைத் துடைத்து ஆயத்தம் செய்வார்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஏறாவூரில், நஸ்ஹாவினுடையது. புருஷன் கொடுத்த போதைத்தூள் பொதி கைப்பையில் இருக்கப் பிடிபட்டவள் அவள். உள்ளே என்ன இருந்தது என்று தெரியும் என்றோ தெரியாது என்றோ செசீலியாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதன்பின் புருஷனைப் பற்றித் தகவலே இல்லை. மகள் அஸ்மியாவை நஸ்ஹாவின் ராத்தா றம்லா எடுத்து வளர்த்தாள். தங்கச்சி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளையிடமும் அயலிலும் சொல்லிவைத்திருந்தாள்.

ஆகவே நஸ்ஹா சவூதியிலிருந்து வருகிறவளாகத்தான் வீடு வரவேண்டியிருந்தது. காத்தான்குடிக் கடைகளில் அலைந்து றம்லா ஒரு பெரிய பெட்டியை நிரப்பி வைத்திருந்தாள். வாசனைச் சவர்க்காரம், பேரீச்சம்பழம், பால்மா டின், ஒரு கம்பளி. யாரோ விமானத்தில் வந்தபோது பயணப்பொதியில் கட்டிய அடையாளப் பட்டியைக்கூட வாங்கிப் பெட்டியின் பிடியில் ஒட்டியிருந்தாள். செசீலியாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யோடு சீவிக்கப்போகிறவள் தானில்லை என்பதால் வாயைத் திறக்கவில்லை. விடுதலையன்று பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நஸ்ஹாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பட்டியைத் தடவிப் பார்த்தாள். தன்னாமுனை தாண்டுகையில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீண்ட காலத்துக்குப் பிறகு சுவரில்லாத ஒரு பக்கத்தைப் பார்க்கிறாள் என்று செசீலியாவுக்குப் பட்டது.

வீட்டில் அயல் பெண்கள் கூடியிருந்தார்கள். அஸ்மியா தாயின் மடியோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, சவூதியில் எந்த ஊரில் வேலை என்று விசாரித்தாள். றம்லா முந்திக்கொண்டு பதில் சொல்லப்போக, நஸ்ஹா அவள் கையைப் பிடித்தாள்.

"நான் சவூதிக்குப் போகல்ல. இவ்வளவு காலமும் மறியல்லதான் இருந்தன்."

யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. றம்லா வெட்கப்படக்கூடாது என்று அவர்கள் தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்திருக்கிறார்கள். "சரி புள்ள, வந்து சேந்துட்டாய்தானே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போகும்போது பெட்டியில் இருந்த சவர்க்காரத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனாள்.

சவூதியை மெய்யாக நம்பியிருந்தது பிள்ளை மட்டும்தான். அஸ்மியா மடியை விட்டெழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை காலம் கட்டிக்காத்ததை ஒரு வார்த்தையில் உடைத்துவிட்டாயே என்று றம்லா அழுதாள். ஒரு ஊர்ப் பேர் சொன்னால் நாளைக்கு அந்த ஊர்த் தெருவையும் சொல்லவேணும், அந்த வீட்டாரையும் சொல்லவேணும், பிறகு பிள்ளையோடு கதைக்க வாயில் இடமிருக்காது என்றாள் நஸ்ஹா.

அதற்குப் பிறகு அஸ்மியா தாயோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொடுத்தால் றம்லாவின் பக்கத்தில் போய் இருந்து தின்பாள். செசீலியா கிழமைக்கொரு தரம் போய்வந்தார். நஸ்ஹாவுக்கு வேலை கேட்டுக் கடை கடையாக ஏறினார். கடைசியில் மிளகாய்த்தூள் அரைக்கிற சரீப் சம்மதித்தார். மனுசிமாரோடு இருந்து பைகளில் அடைக்கட்டும், பிழைவிட்டால் ஏசுவேன், பழையதைச் சொல்லி ஏசமாட்டேன் என்றார்.

ஒருநாள் செசீலியா போனபோது வீட்டில் அஸ்மியா மட்டும் இருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, நீங்கள் உம்மாவுக்கு என்ன முறை என்று கேட்டாள்.

"நான் அங்க காவலுக்கு நிண்டவ, மகள். ராவையில உங்கட உம்மாட கதவைப் பூட்டினது நான்தான்."

 உம்மா அங்கே அழுதாவா என்று பிள்ளை கேட்டது.

பொய் சொல்லச் செசீலியாவுக்கு மனம் வரவில்லை. "முதல் வருஷம் அழுதவ. பிறகு மத்த மனுசிமாருக்குத் தலை பின்னிவிடுவா. பெரிய மனுசிமாருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி ரெட்டைப் பின்னல். எல்லாரும் சிரிப்பாங்க. ஏனெண்டு எனக்கு விளங்கும், நான் கேக்கல்ல."

 அஸ்மியா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சீனி கூடிப்போயிருந்தது. செசீலியா முழுவதையும் குடித்தார்.

அதன்பிறகும் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ பழித்து, பிள்ளை அழுதுகொண்டு வந்த நாட்களும் இருந்தன. இனி மிளகாய் ஆலைக்குப் போகமாட்டேன் என்று நஸ்ஹா குறுகிக் கிடந்த நாட்களும் இருந்தன. தவணை முடிவில் பெற்றோரை வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். வழக்கமாகப் போகிற றம்லா உடுத்து ஆயத்தமாக நின்றாள். அஸ்மியா அவளை விட்டுத் தாயைப் பார்த்து, நீங்களும் வாங்க என்றாள்.

அன்று பின்னேரம் நஸ்ஹா தொலைபேசியில் செசீலியாவைக் கூப்பிட்டாள். பிள்ளையின் பரீட்சைப் புள்ளிகளைச் சொல்லவில்லை.

"டீச்சர் கேட்டா என்னை ஆரெண்டு சொல்லுவாய் எண்டு வழியில கேட்டன் மிஸ். என்ன கேள்வி இது, எங்கட உம்மா எண்டுதான் சொல்லுவன் எண்டாள்."

 "ஓம்" என்றார் செசீலியா. கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்த பேர்னாட், யார், என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.