பீப்பாய்த் தண்ணீரை நம்பாதவர்

பரீதா தொலைபேசியில் அழவில்லை. "மெடம், அவர் மௌத்தாகிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தாள். "வருகிறேன்" என்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "துருக்கி நாட்டைச் சேர்ந்த கெனான்" என்று அறிவித்தார்கள். எங்கள் கரையில் இத்தனை காலம் வாழ்ந்து இங்கேயே அடக்கமாகும் ஒருவரை வேறு நாட்டைச் சேர்ந்தவர் என்பது பிழை. அறிவித்தவரிடம் அதைப் பிறகு நேரிலேயே சொன்னேன்; பழைய ஆசிரியைப் புத்தி.

உங்களில் பலருக்கு அவர் "துருக்கி நானா", அண்ணன் முறை. கருங்கடல் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கப்பலில் இயந்திர வேலைக்குச் சேர்ந்து, நோயுற்றுக் கொழும்பில் இறக்கிவிடப்பட்டவர். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட தாதியின் தங்கைதான் புத்தளத்துத் தில்லையடியைச் சேர்ந்த பரீதா. தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் வந்த பிள்ளை அவள். மணமான பிறகு இருவரும் எங்கள் கத்தோலிக்க மீனவர் கரைக்கு வந்தார்கள். காலஞ்சென்ற என் கணவரின் வலைகள் கிடந்த வாடி என்ற கொட்டிலையும் அதை ஒட்டிய இரண்டு அறைகளையும், அவர் படகு எஞ்சின் திருத்துவதற்கென, வாடகைக்குக் கொடுத்தேன். முற்றத்தில் எண்ணெய் சிந்தக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். அவரும் ஒரு நிபந்தனை சொன்னார்: வாசலில் நின்ற பீப்பாயை எடுத்துவிட வேண்டும்.

காரணம் பிறகுதான் விளங்கியது. படகு எஞ்சின் திருத்துபவர்கள், திருத்திய எஞ்சினைப் பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஓடினால் கையில் கொடுத்துவிடுவார்கள். கெனான் அப்படிக் கொடுத்ததே இல்லை. உரிமையாளரின் படகில் தானும் ஏறிக் கடலுக்குள் போய், அங்கே எஞ்சினை நிறுத்தி, மறுபடி இயக்கிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். "பீப்பாய்த் தண்ணி பொய் சொல்லும்" என்பார். என் தங்கை மகன் அன்ரன் பொறுமையில்லாதவன். "நானா, எஞ்சினுக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டான். "ஓம் தம்பி. இப்ப வந்திருக்கிற மாப்பிள்ளை சரியில்ல" என்றார் அவர். வாடி முழுவதும் சிரித்தது.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த ஆண்டில் அந்தச் சிரிப்பு நின்றது. குண்டு வெடித்த நீர்கொழும்பில் உறவு இல்லாத வீடு எங்கள் கரையில் இல்லை; முஸ்லிம் என்றாலே சந்தேகமாயிற்று. இந்த அந்நியர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு படகில் கடலுக்குப் போவது ஏன், திரும்பி வந்ததும் கொப்பியில் தன் பாஷையில் எழுதுவது என்ன என்று கதை பரவியது. அப்போது வாடியில் ஐந்து எஞ்சின்கள் கிடந்தன. தான் ஏறிப் பார்க்காமல் அவர் தரமாட்டார். அவரை ஏற்றிக்கொண்டு போக ஒருவரும் தயாரில்லை. சனிக்கிழமை பின்னேரத்துக்குள் எஞ்சின்கள் வெளியே வராவிட்டால் கதவை உடைப்பதாக அன்ரன் சொல்லிவிட்டுப் போனான்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யும்படி அவருக்குக் கடிதம் எழுதினேன், ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பரீதாதான் வாசித்துச் சொன்னாள். பிறகு என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"உம்மா சொல்லுவா, மன்னாரில எங்களுக்கு உடுப்பெடுக்கவும் நேரம் தரல்ல எண்டு. நீங்க ஒரு மாசம் தந்திருக்கீங்க, மெடம்" என்றாள்.

அதில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கெனானிடம் போனேன். ஐந்து எஞ்சினையும் கொடுத்துத் தொலைத்தால் ஊர் அடங்கும், நானும் கடிதத்தை மறப்பேன், இதில் என்ன பிடிவாதம் என்று கேட்டேன்.

"எங்கட ஊரில ஒருத்தனுக்குப் பீப்பாயில பாத்துட்டு எஞ்சின் குடுத்தன், மெடம். கடலுக்குப் போனவன் திரும்பி வரல்ல. கதவை உடைச்சா உடைக்கட்டும். என்ட கையால குடுக்கமாட்டன்."

சனிக்கிழமை பின்னேரம் ஆட்கள் கதவை உடைக்க அலவாங்குக் கம்பியுடன் வந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கதவின் முன் போய் நின்றேன். அன்ரனுடைய எஞ்சினை அவனுடைய படகில் பூட்டும்படியும், கெனானோடு நானே போய் வருவதாகவும் சொன்னேன்.

"பெரியம்மா, உங்களுக்கென்ன விசரா?"

"உன்ர படகில எனக்கு இடமிருக்கோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு."

அவன் எஞ்சினைத் தூக்கிப் போய்ப் படகில் பூட்டினான். படகால் பிழைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான், அதுவரை படகில் கால் வைத்ததில்லை. கரையில் நின்ற ஒருவரும் கை கொடுக்கவில்லை. கெனான் முழங்காலளவு நீரில் நின்று தோளைக் காட்டினார். அதைப் பிடித்து ஏறினேன்.

கரையில் நின்றவர்களின் முகங்கள் தெரியாத தூரம் போனதும் எஞ்சினை நிறுத்தினார். அவ்வளவு பெரிய அமைதியை நான் முன்பு கேட்டதில்லை. அப்போது எனக்குப் பயம் வந்தது. கடலுக்கு அல்ல, அவருக்கு. ஊர் பேசியதெல்லாம் உண்மையாக இருந்தால்? மடக்கிய குடையை இரண்டு கைகளாலும் தடியைப் போலப் பிடித்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், குடையையும் பார்த்தார். பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் ஆறட்டும், மெடம். ஆறினாப் பிறகுதான் எஞ்சினிட குணம் தெரியும்."

பத்து நிமிடம் இருக்கும். ஒருமுறைகூட அவர் திரும்பவில்லை. பிறகு கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார்; எஞ்சின் இயங்கியது.

நாங்கள் கரைக்கு வந்தபோது அன்ரன் அடுத்த எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து, கெனானுடன் தானும் ஏறினான். பொழுது படுவதற்குள் ஐந்தும் வீட்டுக்குப் போயின. மறுநாள் என் கடிதத்தைத் திருப்பித் தரும்படி பரீதாவிடம் கேட்டேன். அவள் தரவில்லை. அது அவள் உரிமை.

கெனானும் பரீதாவும் அதே வாடியில் இருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவர் என்னிடமோ பரீதாவிடமோ வேறு எவரிடமோ ஒரு சொல் சொன்னதில்லை. துணிந்து கடலுக்குப் போன கிழவி என்று ஊர் இன்றும் என்னைப் புகழ்கிறது. அவருடைய நேர்மையையும் கைத்திறனையும் நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது அந்த முதுகை. என் பயத்தைக் கண்ட ஒரே மனிதர் அதைக் காணாதவர் போலவே வாழ்ந்து போய்விட்டார். இனி அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால், நானே சொல்லிவிட்டேன்.